யாழ் தேர்தல் மாவட்டம் 2024: கால்வாசி வாக்கு, அரைவாசி ஆசனம்

கோப்பாய் நேசன் எழுதியது:

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் எங்கள் மாவட்டம் எப்படி வாக்களித்தது என்பதைப் பற்றி இன்னும் ஒழுங்காகப் பேசவில்லை என்பது என் எண்ணம். "யாழ்ப்பாணம் திசைகாட்டிக்குப் போய்விட்டது" என்று ஒரு பக்கம், "தமிழ்த் தேசியம் தோற்கவில்லை" என்று மறுபக்கம். இரண்டு தரப்பும் ஆசனக் கணக்கையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வாக்குகளை எடுத்துப் பார்ப்போம்.

தேசிய மக்கள் சக்தி (திசைகாட்டி) 80,830, மூன்று ஆசனம். தமிழரசுக் கட்சி (வீடு) 63,327, ஒன்று. தமிழ்க் காங்கிரஸ் (சைக்கிள்) 27,986, ஒன்று. வைத்தியர் அர்ச்சுனாவின் சுயேச்சைக்குழு 17 (ஊசி) பெற்றது 27,855, அதற்கும் ஒன்று. சங்குச் சின்னத்தில் கேட்ட ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு 22,513 வாக்கு விழுந்தும் ஆசனம் இல்லை. ஈபிடிபிக்கு 17,730. 1994 முதல் ஒரு பொதுத் தேர்தலிலும் தோற்காத அதன் தலைவர் டக்ளஸ் தேவானந்தா தோற்றுப்போனார். தமிழரசின் சுமந்திரனும், 2020 இல் சுதந்திரக் கட்சியில் வென்ற அங்கஜனும் தோற்றார்கள்.

முதலிடத்துக்கு வந்த கட்சி செல்லுபடியான வாக்கில் எடுத்தது 24.85 வீதம்தான். நாடு முழுவதும் அதே கட்சி 61.56 வீதம் எடுத்தது. ஆக, மற்ற இடங்களில் அடித்த அலையும் இங்கே வந்ததும் ஒன்றல்ல. ஆனால் இதையும் மறைக்க முடியாது: அதற்கு இரண்டு மாதம் கூட ஆகாத முன், செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில், இதே மாவட்டத்தில் அந்தக் கட்சியின் தலைவர் அனுரகுமாரவுக்குக் கிடைத்தது 27,086. 7.29 வீதம். எட்டு வாரத்துக்குள் அது மூன்று மடங்கானது. அந்த 54 ஆயிரம் பேரும் யார், எங்கிருந்து வந்தார்கள்? இதைத்தான் இங்கே பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கட்சிக்காரர்கள் வரலாம், ஆனால் சுலோகத்தோடு வர வேண்டாம்.

பாசையூர் எழுதியது:

அந்த 54 ஆயிரத்தில் நானும் ஒருவன், நேசன் அண்ணை. செப்டெம்பரில் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்குப் போட்டேன். நவம்பரில் திசைகாட்டி. என்னை மாதிரி எங்கள் ஒழுங்கையில் பலர்.

செப்டெம்பரில் அரியநேத்திரன் வெல்ல மாட்டார் என்று தெரிந்துதான் போட்டோம். "நாங்கள் இருக்கிறோம்" என்று கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் காட்டுவதற்குப் போட்ட வாக்கு அது. பொதுத் தேர்தல் வேறு. அதில் எங்களுக்கு வேலை செய்கிற ஆள் வேண்டும். அந்த நேரம் ஜனாதிபதி ஏற்கனவே வந்துவிட்டார், அரசாங்கம் யாருடையது என்பதும் தெரிந்துவிட்டது. எங்கள் கடலில் இழுவைப் படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது. 2017 இல் இழுவைமடியைத் தடைசெய்து சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில், வலை கடலின் அடியில். எங்கள் ஆள் ஒருவரே, டக்ளஸ், கடற்றொழில் அமைச்சராக இருந்தார். என்ன மாறியது? சரி, இவர்களையும் ஒருமுறை பார்ப்போம் என்றுதான் போட்டோம். தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது ஜனாதிபதி பாசையூருக்கே வந்து கூட்டம் வைத்தார். சனம் திரண்டது. அதில் பாதிப் பேர் வாக்குப் போடுவதற்கு வரவில்லை, ஆளைப் பார்க்க வந்தார்கள். ஆனாலும் எங்கள் தெருவுக்குள் வந்து நின்று பேசிய ஜனாதிபதி அவர்.

நான் தமிழ்த் தேசியத்தை விட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு வாக்கை வைத்து என் முழு அரசியலையும் எழுத வேண்டாம்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

ஆசனம் எப்படிப் பிரிந்தது என்பது பலருக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது. 25 வீதத்துக்கு எப்படி ஐம்பது வீத ஆசனம் என்று கேட்கிறார்கள். களவு ஒன்றும் இல்லை, அரசியலமைப்பில் எழுதியிருக்கிற கணக்கு. விளக்குகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

எங்களுக்கு 6 ஆசனம். 2020 இல் 7 இருந்தது, ஒன்று கம்பஹாவுக்குப் போய்விட்டது. முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது திசைகாட்டிக்குப் போனது. மீதி 5.

அடுத்தது, 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களை வெட்டுவார்கள். சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்தி 15,276 எடுத்தது, 4.70 வீதம். வெட்டு. வேறு பல சிறிய கட்சிகளும் சுயேச்சைகளும் வெட்டு. ஈபிடிபி 5.45 வீதத்தோடு மட்டுமட்டாக உள்ளே நிற்கிறது. மிஞ்சிய ஆறு பேரின் வாக்கையும் கூட்டினால் 240,241. அதை 5 ஆல் பிரித்தால் 48,049. ஒரு ஆசனத்தின் விலை அதுதான்.

திசைகாட்டி ஒரு ஆசனத்தை முழு விலை கொடுத்து எடுத்தது, கையில் மிச்சம் 32,781. வீடும் ஒன்று எடுத்தது, மிச்சம் 15,278. வேறு யாரிடமும் முழு விலை இல்லை. இன்னும் 3 ஆசனம் கிடக்கிறது. அவை மிச்சத்தில் பெரியவர்களுக்கு: திசைகாட்டி 32,781, சைக்கிள் 27,986, ஊசி 27,855. முடிந்தது. சங்கு 22,513 உடன் வாசலில் நின்றுவிட்டது.

ஆக, திசைகாட்டியின் மூன்றில் ஒன்று போனஸ், ஒன்று முழு விலை, ஒன்று மிச்சக் கணக்கு. வீட்டுக்கு இரண்டாவது ஆசனம் கிடைக்க, வாக்களிக்காமல் இருந்தவர்களிடமிருந்து கிட்டத்தட்ட 15,700 வாக்கு கூட வந்திருக்க வேண்டும்.

கோப்பாய் நேசன் எழுதியது:

வாத்தியார், நன்றி. இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு கேள்வி. வீடும் சங்கும் ஒன்றாகக் கேட்டிருந்தால்?

கணக்கு வாத்தியார் எழுதியது:

63,327 உடன் 22,513 ஐக் கூட்டினால் 85,840. திசைகாட்டியை விட 5,010 கூட. போனஸ் அங்கே போயிருக்கும். விலை அதே 48,049. கூட்டுக்கு ஒரு முழு ஆசனம், மிச்சம் 37,791. திசைகாட்டிக்கு ஒரு முழு ஆசனம், மிச்சம் 32,781. மீதி மூன்று: கூட்டு, திசைகாட்டி, சைக்கிள். முடிவு: கூட்டுக்கு 3, திசைகாட்டிக்கு 2, சைக்கிளுக்கு 1. அர்ச்சுனாவுக்கு இல்லை. 2015 வரைக்கும் ஒரே சின்னத்தில் கேட்ட கட்சிகள்தான் இவை. இப்போது சங்கில் இருக்கிற ரெலோ, புளொட், ஈபிஆர்எல்எப் கட்சிகள் எல்லாம் வீட்டுக்குள் இருந்தவர்கள். ஈபிஆர்எல்எப் அதற்கு முன்பே விலகிவிட்டது, மற்ற இரண்டும் 2023 தொடக்கத்தில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு என்று பிரிந்தார்கள். அந்தத் தேர்தல் அப்போது நடக்கவே இல்லை, பிரிவு மட்டும் நின்றுவிட்டது.

ரொறன்ரோவில் இருந்து வேலன் எழுதியது:

இந்தக் கணக்கைப் பார்க்க வயிறு எரிகிறது. ஐயாயிரம் வாக்கு. அவ்வளவுதான். இரண்டு தலைவர்கள் ஒரு மேசையில் இருந்திருந்தால் "யாழ்ப்பாணத்தைத் தெற்குக் கட்சி வென்றது" என்ற தலைப்பு உலகத்தில் எந்தப் பத்திரிகையிலும் வந்திராது.

பாசையூர்த் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலைப் பிரச்சினை எனக்கும் விளங்கும், என் தகப்பனும் கடலுக்குப் போனவர். ஆனால் வடக்கு கிழக்கு இணைப்பை உடைக்க நீதிமன்றம் போனவர்கள் யார்? ஜேவிபி, இன்றைய திசைகாட்டியின் மையக் கட்சி. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. சுனாமி நிவாரணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து செய்வதற்கான கட்டமைப்புக்கு எதிராக 2005 இல் போனதும் அவர்களே. அந்தக் கட்சியின் தலைவர்தான் இன்று ஜனாதிபதி. பெயரையும் சின்னத்தையும் மாற்றியதால் சரித்திரம் மாறாது. இதை மறந்து எப்படிப் போட்டீர்கள்?

பாசையூர் எழுதியது:

மறக்கவில்லை அண்ணை. 2006 எனக்குத் தெரியும். ஆனால் எங்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை, 2006 க்குப் பிறகு வந்த ஒவ்வொரு பாராளுமன்றத்திலும் எங்கள் பிரதிநிதிகள் என்ன எடுத்துத் தந்தார்கள் என்று அவர்களிடமும் கேளுங்கள். 2015 இல் வீட்டுக்கு 207,577 வாக்குப் போட்டோம். 69 வீதம். ஏழில் ஐந்து ஆசனம். நல்லாட்சி என்றார்கள், புதிய அரசியலமைப்பு வருகிறது என்றார்கள். வரவில்லை. 2020 இல் அதே வீட்டுக்கு 112,967. 31 வீதம். அப்போதே பாதி வாக்குப் போய்விட்டது. அந்த நேரம் திசைகாட்டி இங்கே ஒரு பொருட்டே இல்லை. எங்கள் வாக்கை அனுர கொண்டுபோகவில்லை. அது நாலு வருடம் முந்தியே வீட்டை விட்டு வெளியே வந்து றோட்டில் நின்றது.

பரந்தன் பார்வை எழுதியது:

யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம் என்றே எழுதுகிறீர்கள். தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சியும் இருக்கிறது. பதினொரு தொகுதியில் நாங்கள் ஒன்று. இந்தத் தேர்தலில் வீடு முதலாவதாக வந்தது கிளிநொச்சியில். அதைப் பற்றி ஒரு வரி யாரும் எழுதவில்லை.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே தமிழரசின் சிறீதரன் ஆள் தெரிந்தவர். செத்த வீட்டுக்கும் வருவார், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் வருவார். தமிழரசின் மொத்த வாக்கு 63,327 இல் அவருடைய விருப்பு வாக்கு 32,833. வீட்டுக்குப் போட்டவர்களில் பாதிக்கு மேல் அவர் இலக்கத்துக்குப் புள்ளடி போட்டிருக்கிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் கட்சி சஜித்துக்கு என்று முடிவெடுத்தது. அவர் அரியநேத்திரனோடு நின்றார். அது பிழையா சரியா என்பது வேறு. சனம் ஒரு ஆளை நம்பினால் கட்சிக்குள் என்ன சண்டை நடந்தாலும் போடும் என்பது இங்கே தெரிந்தது. கட்சி என்ற பேருக்காக மட்டும் போடுகிற காலம் முடிந்துவிட்டது.

இன்னொன்று. இங்கே கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கினார்கள். அந்த அம்மாக்களின் வீடுகளில் 2024 இலும் திசைகாட்டிக்கு வாக்கு விழுந்திருக்குமா என்று நீங்களே யோசியுங்கள். மாவட்டத்தின் சராசரி எல்லாவற்றையும் மூடிவிடும்.

தீவகத்தாள் எழுதியது:

நான் தேர்தல் கடமை செய்தவள், எனவே கட்சி பேசவில்லை. வேறு ஒன்று பேச வேண்டும். நிராகரிக்கப்பட்ட வாக்குகள்.

மாவட்டத்தில் 32 ஆயிரத்துக்கு மேல் வாக்கு நிராகரிப்பு. நூறு பேர் போட்டால் ஒன்பது பேருடையது குப்பைக்குப் போகிறது. இந்த எண்ணிக்கை சைக்கிள் எடுத்ததை விடக் கூட, ஊசி எடுத்ததை விடக் கூட. அதாவது ஒரு ஆசனம் வாங்கக் கூடிய வாக்கு எண்ணாமலே போயிருக்கிறது. 2020 இலும் ஏறக்குறைய இதே அளவுதான். நாட்டுச் சராசரி இதைவிட நன்றாகக் குறைவு.

ஏன்? வாக்குச் சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 23 கட்சி, 21 சுயேச்சைக்குழு, மொத்தம் 396 வேட்பாளர்கள். வயது போனவர் ஒருவர் அந்த நீளச் சீட்டில் தன் சின்னத்தைத் தேடுகிறார். வீடு எங்கே, சங்கு எங்கே என்று கேட்க முடியாது, நாங்கள் சொல்லவும் முடியாது. அதோடு செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதலாம் என்று படிப்பித்தோம். நவம்பரில் ஒரு கட்சிக்கு மட்டும் புள்ளடி, பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று பேர் வரை புள்ளடி. இரண்டு முறையும் இரண்டு மாதத்துக்குள். ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிக்கு அடையாளம் இட்டால் அந்தச் சீட்டு செல்லாது. விருப்பு வாக்கில் மட்டும் பிழை விட்டால் கட்சிக்கான வாக்கு நிற்கும், விருப்பு வாக்குதான் போகும். இந்த வித்தியாசத்தைக் கட்சிகள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லவில்லை. "எங்கள் இலக்கத்துக்குப் போடுங்கள்" என்று தங்கள் இலக்கத்தை மட்டும் சொன்னார்கள். ஒரே கட்சிக்குள் இருப்பவர்களே ஒருவரை ஒருவர் வெட்டித் தங்கள் விருப்பு வாக்கைத் தேடினார்கள். சனம் குழம்பாமல் என்ன செய்யும்?

வேண்டுமென்றே சீட்டைப் பழுதாக்கியவர்களும் இருக்கிறார்கள். எவ்வளவு பேர் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் எல்லோரும் கோபத்தில் கீறினார்கள் என்று முடிவு கட்டுவது பெரும் அநியாயம்.

கோப்பாய் நேசன் எழுதியது:

தீவகத்தாள் அக்கா சொன்னது முக்கியம். இதோடு வராதவர்களையும் சேர்த்துப் பாருங்கள். பதிந்த வாக்காளர் 593,187. சீட்டுப் போட்டவர் 60 வீதத்தைக் கொஞ்சம் தாண்டும். நாட்டில் 68.9. ஜனாதிபதித் தேர்தலோடு பார்த்தால் செல்லுபடியான வாக்கில் கிட்டத்தட்ட 46 ஆயிரம் இங்கே குறைந்திருக்கிறது. ஒரு பகுதி வெளிநாட்டில் இருந்துகொண்டு பெயர் மட்டும் இடாப்பில் உள்ளவர்கள். ஆனால் செப்டெம்பரிலும் அவர்கள் வெளிநாட்டில்தான் இருந்தார்கள். எனவே இரண்டு தேர்தலுக்கும் இடையில் குறைந்தது ஊரில் இருக்கிற ஆட்கள்.

முதலிடத்தை எடுத்த 80,830 பேர், பதிந்தவர்களில் ஏழில் ஒருவர். வராமல் இருந்தவர்கள் இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். இந்த மாவட்டத்தின் பெரிய கட்சி வாக்குப் போட வராதவர்களின் கட்சிதான்.

வடமராட்சி மாணவி எழுதியது:

நான் முதல் தடவை வாக்களித்தது 2024 இல். எங்கள் வீட்டில் அப்பா வீடு, அம்மா சைக்கிள், அண்ணா ஊசி, நான் திசைகாட்டி. சாப்பிடும்போது சண்டை வராத நாள் இல்லை. ஒரே வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால் ஊர் எப்படிப் பிரியாமல் இருக்கும்.

அண்ணாவின் வாக்கைப் பற்றி இங்கே யாரும் சரியாகப் பேசவில்லை. அர்ச்சுனாவை எல்லோரும் சிரிப்பாகவே பார்க்கிறார்கள். கட்சி இல்லை, பழைய பெயர் இல்லை, பெரிய காசு இல்லை. சாவகச்சேரி வைத்தியசாலையில் பதில் அத்தியட்சகராக இருந்தபோது குறைகளை முகநூலில் நேரலையாகச் சொன்னதில்தான் சனத்துக்கு அவரைத் தெரியும். 27,855 வாக்கு. அவருடைய பேச்சு நடை எனக்குப் பிடிக்காது. ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் விடிய நாலு மணிக்குப் போய் இருந்தவர்களுக்கு யாரோ ஒருவர் தங்களுக்காகக் கத்துகிறார் என்று இருந்தது. கட்சிகள் பேசாத இடத்தில் ஒரு ஆள் பேசினால் அந்த ஆளுக்கு விழும்.

என் வாக்கு? வேறு காரணம். நிலம். பலாலிப் பக்கம் எங்கள் சொந்தக்காரரின் காணி இன்னும் இராணுவ வேலிக்கு உள்ளே. 2024 நவம்பர் 1 ஆம் திகதி வசாவிளான் பக்கத்து றோட்டைத் திறந்தார்கள், 34 வருடத்துக்குப் பிறகு. பகலில் மட்டும் போகலாம் என்ற கட்டுப்பாட்டோடுதான். தேர்தலுக்கு இரண்டு கிழமை முந்தி திறந்தது தேர்தலுக்காகத்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் பெரியம்மா அந்த றோட்டில் போய்விட்டு வந்து அழுதார். அதைப் பார்த்த பிறகு, இவர்கள் மிச்சத்தையும் திறக்கட்டும் என்று போட்டேன். திறக்காவிட்டால் அடுத்த முறை போட மாட்டேன். அதற்குத்தானே வாக்கு.

அதோடு ஒன்று. தெரிவான ஆறு பேரும் ஆண்கள். 2020 இல் தெரிவான ஏழு பேரும் ஆண்கள். இதைப் பற்றி ஒருவரும் வயிறு எரியவில்லை.

மட்டு வாவி எழுதியது:

கிழக்கில் இருந்து ஒரு குரல். நாடு முழுக்கத் திசைகாட்டி முதலிடம் எடுக்காத ஒரே தேர்தல் மாவட்டம் மட்டக்களப்பு. வீட்டுக்கு இங்கே 96,975, மூன்று ஆசனம். திசைகாட்டிக்கு 55,498, ஒன்று. முஸ்லிம் காங்கிரசுக்கு 40,139, ஒன்று. 2020 இல் வீடு இங்கே எடுத்தது 79,460. அதாவது யாழ்ப்பாணத்தில் பாதியான அதே நாலு வருடத்தில் எங்களிடம் கூடியிருக்கிறது.

இதற்குக் காரணம் எங்கள் ஆட்கள் கூடத் தேசியம் பேசுகிறவர்கள் என்பதல்ல. இங்கே வாக்குச் சிதறினால் என்ன நடக்கும் என்று ஊருக்கு ஊர் தெரியும். மூன்று இனமும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இடம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை, எல்லைக் கிராமம் எல்லாம் நாளாந்தப் பிரச்சினை. அரசாங்கப் பக்கம் நின்ற தமிழ்க் கட்சியை ஒருமுறை அனுபவித்துப் பார்த்தும் விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எவர் வென்றாலும் தமிழர்தான் வருவார் என்ற தைரியம் இருக்கிறது. திசைகாட்டியில் வந்த மூவரும் தமிழர்தானே. அந்தத் தைரியத்தில் சோதித்துப் பார்க்கலாம். எங்களுக்கு அது கிடையாது.

கணக்கு வாத்தியார் எழுதியது:

மட்டு வாவி சொன்னதில் இருந்து ஒரு கணக்கு ஞாபகம் வந்தது. "இந்த 80 ஆயிரமும் தமிழ்த் தேசியத்திடம் இருந்து போனது" என்று நினைக்கிறோம். 2020 ஐ எடுங்கள். அங்கஜன் நின்ற சுதந்திரக் கட்சிக்கு 49,373. ஈபிடிபிக்கு 45,797. இரண்டும் சேர்ந்து 95,170. 26.5 வீதம். அரசாங்கத்தோடு நின்று வேலைவாய்ப்பு, றோட்டு, கட்டடம் எடுத்துத் தருகிறோம் என்றவர்களுக்கு விழுந்த வாக்கு.

2024 இல் ஈபிடிபி 17,730 க்கு இறங்கியது. அங்கஜன் ஆசனத்தை இழந்தார். திசைகாட்டி 24.85 வீதம். இரண்டு வீதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசாங்கத்தோடு நிற்கிற ஒரு ஆளை அனுப்ப வேண்டும் என்ற கால்வாசிப் பேர் எங்கள் மாவட்டத்தில் முன்பும் இருந்தார்கள். 2010 இலும் அப்போதைய ஆளும் கூட்டணியின் வெற்றிலைச் சின்னத்துக்கு 47,622 விழுந்தது, 32 வீதம். இந்த முறை இடையில் நின்ற தரகர்களை விட்டுவிட்டு நேராக அரசாங்கத்துக்கே போட்டுவிட்டார்கள்.

ஆள் ஆளாக அதே மனிதர்கள் இடம் மாறினார்கள் என்று நான் சொல்லவில்லை, பெட்டியைப் பார்த்து அதைச் சொல்ல ஏலாது. பாசையூர் சங்கில் இருந்து போனவர் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் மொத்த அளவு அப்படித்தான் இருக்கிறது.

அதே நேரம் மற்றப் பக்கமும் பாருங்கள். 2020 இல் வீடு, சைக்கிள், விக்னேஸ்வரனின் மீன் மூன்றும் சேர்ந்து 204,197, 57 வீதத்துக்குக் கிட்ட. 2024 இல் வீடு, சைக்கிள், சங்கு மூன்றும் 113,826, 35 வீதம். சில சிறு கட்சிகளைச் சேர்த்தாலும் பழைய இடத்துக்குக் கிட்டவும் வராது. எனவே "ஒன்றும் நடக்கவில்லை, அங்கஜனின் வாக்குத்தான் மாறியது" என்று யாரும் நிம்மதியாகப் படுக்க முடியாது. தமிழ்க் கட்சிகளிடமிருந்து ஒரு பகுதி அர்ச்சுனாவுக்கு, ஒரு பகுதி சுயேச்சைக்குழுக்களுக்கு, பெரும் பகுதி வாக்குப் போட வராமலே இருந்துவிட்டது என்பதுதான் என் வாசிப்பு.

ரொறன்ரோவில் இருந்து வேலன் எழுதியது:

வாத்தியாரின் இந்தப் பதிவுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது. ஆனால் 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலையும் சேர்த்தால்தான் படம் முழுதாகும். யாழ் மாநகர சபையில் வீடு 13, சைக்கிள் 12, திசைகாட்டி 10. ஆறு மாதத்தில் முதலிடம் மூன்றாமிடம் ஆகிவிட்டது.

பாசையூர் எழுதியது:

ஓம் அண்ணை, ஆனால் பத்து உறுப்பினர் என்பது சின்ன விசயமா? முந்தி அந்தச் சபையில் அவர்களுக்கு ஆளே இருந்ததில்லையே. சனம் தேர்தலுக்குத் தேர்தல் வேறு வேறாகப் போடத் தொடங்கிவிட்டது. வட்டாரத்துக்கு ஊரில் தெரிந்த ஆள், பாராளுமன்றத்துக்கு அரசாங்கம், ஜனாதிபதிக்கு ஒரு அடையாளம். எங்கள் தெருவில் மூன்றிலும் மூன்று சின்னத்துக்குப் போட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்களோடு பேசாமல் நீங்கள் கட்சிகளை ஒன்றாக்கினாலும் வாக்கு ஒன்றாகாது.

இழுவைப் படகு இன்னும் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது கடற்றொழில் அமைச்சர் இவர்களுடைய ஆள், தமிழர். அவரிடமும் அதே கேள்விதான்.

பரந்தன் பார்வை எழுதியது:

வாத்தியார், மூன்று பேரும் சேர்ந்தால் என்ன என்று ஒருக்கால் போட்டுக் காட்டுங்கள். வீடு, சங்கு, சைக்கிள். எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

போட்டுப் பார்த்தேன். நீங்கள் எதிர்பார்ப்பது வராது.

மூன்றும் சேர்ந்து 113,826. போனஸ் ஒன்று, முழு விலையில் இரண்டு, மிச்சம் 17,728. திசைகாட்டிக்கு முழு விலையில் ஒன்று, மிச்சம் 32,781. மீதி இரண்டு ஆசனம் மிச்சத்தில் பெரியவர்களுக்கு: திசைகாட்டி, ஊசி. ஆக, கூட்டு 3, திசைகாட்டி 2, அர்ச்சுனா 1. வீடும் சங்கும் மட்டும் சேர்ந்து, சைக்கிள் தனியாகக் கேட்டிருந்தால் மூன்று கட்சிக்கும் சேர்த்து 4. மூன்றும் ஒன்றானால் 3. மிச்சக் கணக்கு அப்படி. பெரிய கூட்டு என்றால் கூட ஆசனம் என்று மேடையில் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை கடதாசியில் போட்டுப் பார்க்க வேண்டும். இதுவும், மூன்று கட்சிக்கும் போட்டவர்கள் ஒருவரும் விலகாமல் கூட்டுக்கும் போடுவார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு. வடமராட்சி மாணவியின் அம்மா வீட்டுச் சின்னத்துக்குப் போடுவாரா?

வடமராட்சி மாணவி எழுதியது:

போட மாட்டார். கேட்டுப் பார்த்தேன். "சைக்கிள் இல்லாவிட்டால் நான் போக மாட்டேன்" என்றார். அப்பா அதுக்கு மேலே. சைக்கிள்காரரோடு சேர்ந்தால் தானும் போக மாட்டாராம்.

தீவகத்தாள் எழுதியது:

அப்படியென்றால் வராத வாக்கையும் நிராகரித்த வாக்கையும் முதலில் பாருங்கள். கூட்டுச் சேர்வதற்கு எத்தனை தலைவர்களின் சம்மதம் வேண்டும் என்று தெரியாது. ஒரு கிராம அலுவலர் பிரிவில் நூறு பேருக்கு வாக்குச் சீட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒருவரின் சம்மதமும் தேவையில்லை. வடக்கு மாகாண சபைக்கு 2013 க்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை, அதன் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. அந்தத் தேர்தலை வை என்று கேட்கிற எல்லாக் கட்சியும், அது வரும்போது சனத்துக்குச் சீட்டுப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் இப்போதே வேலைத்திட்டத்தில் சேர்க்கட்டும். நான் எங்கள் சனசமூக நிலையத்தில் கேட்டிருக்கிறேன். மாதிரிச் சீட்டு அடிக்க யாராவது கடதாசிச் செலவைப் பொறுப்பெடுத்தால் தீவகத்தில் இருந்து தொடங்கலாம்.

ரொறன்ரோவில் இருந்து வேலன் எழுதியது:

கடதாசி என் செலவு. எவ்வளவு என்று தனிமடலில் எழுதுங்கள் தங்கச்சி. பாசையூருக்கும் சேர்த்து அடியுங்கள், தம்பி எந்தச் சின்னத்துக்குப் போட்டாலும் பரவாயில்லை.